மார்டினியும் உமரியும்

கேட்டவர் சென்னைக்காரர். பீர் தவிர வேறெதுவும் பழக்கமில்லாதவர். கல்லூரித் தோழி ஒருத்தி இங்கிலாந்தின் நார்ஃபோக் கடலோரத்தில் குடியிருக்கிறாள். ஜூன் கடைசியில் இவர் அங்கே போகிறார். "ஒரு மாலை வீட்டுக்கு வா. மார்டினி, நாங்களே பறித்து வந்த நொறுக்கு, நல்ல பேச்சு" என்று அழைத்திருக்கிறாளாம். அங்கே போய் முழிக்காமல் இருக்க என்ன தெரிந்திருக்க வேண்டும், திரும்பி வந்து அதையே சென்னையில் தன் வீட்டில் செய்ய முடியுமா என்பது கேள்வி.

இரண்டாவதற்கு முதலில் பதில். தாராளமாகச் செய்யலாம். நொறுக்கு விஷயத்தில் நார்ஃபோக்கைவிட நம் கை ஓங்கியது என்றே சொல்வேன். அதற்கு அப்புறம் வருகிறேன்.

நான் வேதாரண்யம் பக்கத்து ஆள். லண்டனில் 11 வருஷம் ஹோட்டல் பார்களில் நின்று வேலை பார்த்துவிட்டு இப்போது சென்னையில் இருக்கிறேன். மார்டினி கேட்டு வருகிறவர்களில் பாதிப் பேர் சினிமாவில் பார்த்ததைக் கேட்டு வருகிறவர்கள். ஊற்றிக் கொடுத்ததும் போட்டோ எடுப்பார்கள். முதல் வாய்க்கு முகம் சுளிப்பார்கள். பிறகு அரைமணி நேரம் கையிலேயே வைத்திருப்பார்கள். அதற்கப்புறம் அந்தச் சரக்கை எந்த மனுஷனும் குடிக்க முடியாது. வெதுவெதுப்பான மார்டினி சென்ட் பாட்டிலைக் கவிழ்த்தது மாதிரி இருக்கும்.

விஷயம் ரொம்ப எளிமை. ஜின், கொஞ்சம் வெர்மூத் (மூலிகை ஊறிய ஒயின்), இரண்டையும் ஐஸோடு கலக்கி, ஐஸை வடித்துவிட்டு, குளிரவைத்த கிளாஸில் ஊற்றி, மேலே ஒரு ஆலிவ் அல்லது எலுமிச்சைத் தோல். கிளாஸுக்குள் ஐஸ் கிடையாது, சோடா கிடையாது, சர்க்கரை கிடையாது. ஊற்றும்போது அது பூஜ்யம் டிகிரிக்கும் கீழே இருக்கும். ஆல்கஹால் இருப்பதால் உறையாது. அந்த நிமிடத்திலிருந்து சூடேற ஆரம்பித்துவிடும். பத்துப் பதினைந்து நிமிஷம்தான் அதன் ஆயுசு. கிளாஸ் எவ்வளவு பெரிசு, தட்டில் என்ன வைப்பது, எத்தனை பேரைக் கூப்பிடுவது எல்லாமே இந்தப் பதினைந்து நிமிஷக் கணக்கில்தான் அடங்கியிருக்கிறது.

இனி 'பறித்து வந்த நொறுக்கு'. கோபன்ஹேகனில் 2003இல் திறந்த நோமா உணவகமும் அதன் சமையல்காரர் ரெனே ரெட்ஸெப்பியும் கடலோரச் செடி, பாசி, எறும்பு என்று தட்டில் வைத்துப் பெயர் வாங்கினார்கள். அதற்குப் பிறகு லண்டனில் எந்த மெனு அட்டையைத் திறந்தாலும் காட்டுப் பூண்டு என்று ஆகிவிட்டது. அந்த ஆர்ப்பாட்டத்தில் எனக்குப் பெரிய பிடிப்பு இல்லை. ஆனால் மார்டினிக்குப் பக்கத்தில் காட்டுப் பண்டம் வைப்பது பொருத்தம்தான். ஏனென்றால் மார்டினியே பாதி காட்டில் பறித்தது.

ஜின்னுக்கு வாசனை கொடுப்பது ஜூனிப்பர் காய். பார்க்க மிளகைவிடக் கொஞ்சம் பெரிசு, கருநீலம். ஜின்னுக்குப் போகும் ஜூனிப்பரில் பெரும்பகுதி இன்னமும் தோட்டப்பயிர் இல்லை. இத்தாலியின் டஸ்கனி மலைகளிலும் மாசிடோனியா, அல்பேனியா பக்கத்துக் குன்றுகளிலும் தானாக முளைத்த புதரிலிருந்து கையால் சேகரிப்பது. காய் பழுக்க ஒன்றரை வருஷத்துக்கு மேல் ஆகும் என்பதால் ஒரே கிளையில் இந்த வருஷத்துப் பச்சையும் போன வருஷத்து நீலமும் சேர்ந்தே இருக்கும். பறிக்கப் போனால் முள் கையைக் கிழிக்கும். அதனால் புதருக்குக் கீழே கூடையைப் பிடித்துக்கொண்டு குச்சியால் தட்டுவார்கள். பழுத்தது உதிரும், பச்சை ஒட்டிக்கொண்டு நிற்கும். நாவல் மரத்தடியில் சேலையை விரித்துப் பிடித்துக்கொண்டு கிளையை உலுக்கியவர்களுக்கு இது புரியும்.

ஜூனிப்பருக்கு அடுத்தபடி ஜின்னில் முக்கியமான சரக்கு எது தெரியுமா? கொத்தமல்லி விதை. ரசப்பொடிக்குப் போடும் அதே தனியாதான். லண்டனில் ஜின் பழகிய முதல் வாரம், மேற்பார்வையாளர் ஒவ்வொரு வாசனையாகக் கண்டுபிடிக்கச் சொன்னபோது, கூட இருந்த ஐரோப்பியப் பையன்களுக்குப் பிடிபடாத தனியா எனக்கு மட்டும் முதல் மோப்பத்திலேயே பிடிபட்டது. அன்றைக்கு எனக்கு ஒரே கர்வம்.

வெர்மூத்தும் அப்படித்தான். திராட்சை ஒயினில் மூலிகை ஊறவைத்துக் கொஞ்சம் சாராயம் சேர்த்து வீரியம் ஏற்றியது. பெயரே அதில் ஊறும் வார்ம்வுட் என்ற மூலிகையின் ஜெர்மன் பெயரிலிருந்து வந்தது. அந்தச் செடி, நாம் பூக்கடையில் வாங்கும் மரிக்கொழுந்துக்கு ஒன்றுவிட்ட அக்கா. இரண்டும் ஒரே பேரினம். கதம்பத்தில் மரிக்கொழுந்தை முகர்ந்தவருக்கு வெர்மூத்தின் கசப்பு வாசனையில் பாதி ஏற்கனவே தெரியும். பிரான்ஸின் தென்கரையில் மார்செய்யான் என்ற ஊரில் நாய்லி பிராட் என்ற பழைய வெர்மூத் தயாராகிறது. அதற்கான ஒயினை மரப்பீப்பாயில் ஊற்றித் திறந்த முற்றத்தில் வெயிலிலும் கடல் காற்றிலும் ஒரு வருஷம் போடுகிறார்கள். ஊறுகாய் ஜாடியை மொட்டைமாடியில் வெயில் காட்டுகிற வேலைதான், ஆயிரக்கணக்கான லிட்டர் கணக்கில்.

மார்டினியை யார் கண்டுபிடித்தார்கள் என்று தயவுசெய்து அங்கே கேட்காதீர்கள். அமெரிக்காவில் 1880களில் மார்டினெஸ் என்று ஒன்று இருந்தது, இனிப்பாக இருந்தது, மெல்ல மெல்லக் காய்ந்து இப்போதைய ரூபத்துக்கு வந்தது. அதற்கு மேல் ஆளுக்கொரு கதை. பதினைந்து நிமிஷமும் அதிலேயே போய்விடும்.

நார்ஃபோக்கில் உங்கள் முன்னால் வரப்போவதைச் சொல்கிறேன். ஜூன் கடைசி என்றால் தட்டில் நிச்சயம் 'சாம்ஃபயர்' இருக்கும்.

நான் அதை முதலில் பார்த்தது அந்தக் கடலோரத்தில்தான், ஸ்டிஃப்கி என்ற ஊருக்கு வெளியே இருக்கும் உவர் சதுப்பில். கூட வேலை பார்த்த ஒருவரின் பெற்றோர் வீட்டுக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை போயிருந்தேன். கடல் வற்றிய நேரம் பார்த்து அந்த அம்மா ஆளுக்கொரு கத்தரிக்கோல் கொடுத்து அழைத்துப் போனார். முழங்கால் வரைக்கும் சேறு. நடுநடுவே வாய்க்கால் மாதிரி ஓடைகள். குனிந்து பார்த்தால் விரல் நீளத்துக்குப் பச்சைப் பசேலென்று, இலையே இல்லாமல், கணுக்கணுவாக, கண்ணாடி மாதிரித் தண்ணீர் தளும்பும் தண்டுகள். நான் ஒன்றைக் கிள்ளி வாயில் போட்டேன். கரித்தது. "இது உமரி!" என்று தமிழிலேயே கத்திவிட்டேன். அந்த அம்மா என்னமோ ஏதோ என்று பயந்துவிட்டார்.

வேதாரண்யத்து உப்பளத்து ஓரத்தில் சின்ன வயதில் எத்தனையோ முறை காலில் மிதித்துப் போன செடி. உமரி என்ற பெயரில் நம் கடலோரத்தில் இரண்டு மூன்று செடிகளைச் சொல்வார்கள். எல்லாமே இந்தச் சாம்ஃபயரின் சொந்தக்காரர்கள். எங்கள் பக்கம் அதை அலசி, வேகவைத்த தண்ணீரை இறுத்துவிட்டு, தேங்காயும் இறாலும் போட்டு வதக்குவார்கள். உப்பு மட்டும் போட மாட்டார்கள். நார்ஃபோக்கிலும் உப்பு போடுவதில்லை. கொதிக்கிற தண்ணீரில் ஒரு நிமிஷம், எடுத்து வெண்ணெயில் புரட்டித் தட்டில். தண்டுக்குள்ளே நார் இருக்கும். நுனியைப் பிடித்துக்கொண்டு பல்லால் உருவ வேண்டும். முருங்கைக்காய் உருவப் பழகிய உங்களுக்கு இதை யாரும் சொல்லித்தர வேண்டாம். அங்கே வந்திருக்கும் லண்டன்காரர்கள் நாரையும் சேர்த்து மென்று திண்டாடுவதை நீங்கள் பார்ப்பீர்கள்.

அந்தச் செடிக்கு ஆங்கிலத்தில் இன்னொரு பெயர், கண்ணாடிப் பூண்டு. அதைச் சுட்ட சாம்பலில் சோடா உப்பு நிறைய. மணலோடு அந்தச் சாம்பலைச் சேர்த்து உருக்கித்தான் ஒரு காலத்தில் கண்ணாடி செய்தார்கள். அந்த வீட்டுக்காரர், அதாவது அம்மாவின் கணவர், ஃப்ரீஸரிலிருந்து பனி பூத்த குட்டிக் கிளாஸை எடுத்து வைத்துக்கொண்டே இதைச் சொன்னார். நான் அதற்கு வேதாரண்யத்து உப்பளத்தைச் சொன்னேன். அவர் பாசனக் கால்வாய் வேலையில் சூடானில் இருந்ததைச் சொன்னார். உப்பிலிருந்து ஆரம்பித்த பேச்சு எங்கெங்கோ போய் ராத்திரி பத்து மணிக்கும் வெளிச்சம் போகாத அந்த வானத்தில் முடிந்தது. ஆளுக்கு இரண்டு குட்டிக் கிளாஸ்தான் குடித்திருந்தோம்.

சாம்ஃபயர் தவிர வேறு என்ன வரும்? எல்டர் என்ற புதர்மரத்தின் வெள்ளைப் பூங்கொத்தை மாவில் தோய்த்துப் பொரித்துக் கொடுக்கலாம். அகத்திப்பூ பஜ்ஜி மாதிரி என்று நினைத்துக்கொள்ளுங்கள். பூ மட்டும்தான் ஆகும். அந்த மரத்தின் இலையும் தண்டும் ஆகாது. காட்டுப் பூண்டு ஏப்ரல், மே மாதத்துச் சமாசாரம். ஜூனில் அதன் மொட்டையோ விதைக்காயையோ வினிகரில் ஊறப்போட்டது ஒரு சின்னக் குப்பியில் இருக்கும். ஆலிவுக்குப் பதில் அதை மார்டினியில் போட்டால் எனக்கு அதுவே போதும். நம் காஞ்சொறி மாதிரி தொட்டால் அரிக்கும் ஒரு செடியின் இலையை எண்ணெயில் பொரித்து வைப்பார்கள். சூடு பட்டதும் அரிப்பு போய்விடும். தைரியமாகத் தின்னலாம். போன இலையுதிர் காலத்தில் பறித்து ஜின்னில் சர்க்கரையோடு ஊறவைத்த ஸ்லோ காயின் சிவப்பு மதுவைக் கடைசியில் ஒரு மடக்கு ஊற்றுவார்கள்.

காளான் வந்தால் மட்டும், அவர்கள் எத்தனை வருஷமாகப் பறிக்கிறார்கள் என்று கேட்டுவிட்டு வாயில் போடுங்கள். அதைக் கேட்பது மரியாதைக்குறைவே இல்லை. 2008இல் ஆங்கில நாவலாசிரியர் நிக்கலஸ் எவன்ஸ் ஸ்காட்லாந்தில் பறித்து வந்த காளானைச் சமைத்து, அவரும் மனைவியும் மனைவியின் சகோதரரும் அவர் மனைவியும் சாப்பிட்டு சிறுநீரகம் பாதிக்கப்பட்டார்கள். நல்ல காளான் என்று நம்பித்தான் சமைத்தார். மூன்று வருஷம் கழித்து மகள் கொடுத்த சிறுநீரகம்தான் அவரைக் காப்பாற்றியது. காட்டுப் பூண்டிலும் இப்படி ஒரு கண்ணி உண்டு. அது வளரும் இடத்திலேயே அதே மாதிரி இலையோடு விஷச் செடிகளும் வளரும். கசக்கி முகர்ந்து பூண்டு வாசனை வருகிறதா என்று பார்க்கச் சொல்வார்கள். ஆனால் நாலு இலை பறித்த பிறகு உங்கள் கையே பூண்டு நாறும். அதன்பின் எதை முகர்ந்தாலும் பூண்டுதான். ஒவ்வொரு இலையையும் கண்ணால் பார்த்துப் பறிப்பதைத் தவிர வழி கிடையாது.

சட்டமும் உண்டு. இங்கிலாந்தில் 1968ஆம் வருஷத் திருட்டுச் சட்டப்படி, தானாக வளர்ந்த பூ, பழம், இலை, காளானை விற்பதற்கு இல்லாமல் பறித்தால் அது திருட்டு ஆகாது. ஆனால் 1981ஆம் வருஷ வனவுயிர்ச் சட்டப்படி, நிலத்துக்காரர் அனுமதி இல்லாமல் எந்தக் காட்டுச் செடியையும் வேரோடு பிடுங்கக் கூடாது. அந்த அம்மா கத்தரிக்கோல் கொடுத்ததற்கு அதுதான் காரணம். பாதுகாக்கப்பட்ட இடங்களில் இன்னும் கெடுபிடி இருக்கும், தோழியிடம் கேட்டுக்கொள்ளுங்கள். ஸ்வீடன், பின்லாந்து பக்கம் போனால் கதையே வேறு. அடுத்தவர் காட்டில் நடந்து பெர்ரியும் காளானும் பறிப்பது அங்கே எல்லோருக்கும் உள்ள உரிமை.

சரி, கிளாஸ். லண்டனில் டியூக்ஸ் ஹோட்டல் பார் மார்டினிக்குப் பெயர்போன இடம். ஃப்ரீஸரில் வைத்த ஜின்னை ஐஸே காட்டாமல் நேராகக் கிளாஸில் ஊற்றுவார்கள், தள்ளுவண்டியை உங்கள் மேஜைக்கே கொண்டுவந்து. தண்ணீர் துளியும் கலக்காததால் அது முழு வீரியத்தோடு இருக்கும். ஆளுக்கு இரண்டுக்கு மேல் கிடையாது என்பது அங்கே விதி. ஒரு தடவை போய்ப் பார்க்க வேண்டிய இடம்தான். ஆனால் பேச்சுக்கு அது ஆகாது. ஒன்று முடிவதற்குள் நாக்கு தடிக்கும்.

நான் சொல்வது குட்டிக் கிளாஸ். ஐம்பது அறுபது மில்லி கொள்ளுவது போதும். மார்டினி பிறந்த காலத்துக் கிளாஸ்களும் ஏறக்குறைய அந்த அளவுதான். விரிந்த வாயோடு இன்றைக்குப் படத்தில் வரும் பூதக் கிளாஸ் ரொம்பப் பிற்பாடு வந்த பழக்கம். குட்டிக் கிளாஸில் கடைசி மடக்கும் குளிராகவே இருக்கும். முடிந்ததும் இன்னொன்று குளிராக வரும். நடுவில் கொஞ்ச நேரம் கை சும்மா இருக்கும். அப்போதுதான் தட்டில் கை போகும், பேச்சும் வரும்.

இதை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். சென்னை வந்த புதிதில் ஆறு நண்பர்களை அழைத்து, அமெரிக்காவிலிருந்து யாரோ கொண்டுவந்த பெரிய கிளாஸில் ஆளுக்கு நூற்றைம்பது மில்லி ஊற்றிக் கொடுத்தேன். பீர் வேகத்தில் குடித்தார்கள். எட்டரை மணிக்கு ஒருவர் சோபாவில் குறட்டை. இருவர் 1996 தேர்தலைப் பற்றிச் சண்டை. மீதிப் பேர் பிரியாணி எங்கே என்று கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

இப்போது வீட்டில் செய்யும் முறை இது. ஜின் 300 மில்லி, டிரை வெர்மூத் 80 மில்லி, நல்ல தண்ணீர் 90 மில்லி. மூன்றையும் ஒரு பாட்டிலில் ஊற்றி ஃப்ரீஸரில் மூன்று மணி நேரம். தண்ணீர் எதற்கு என்றால், பாரில் ஐஸோடு அரை நிமிஷம் கலக்கும்போது கரைந்து சேரும் தண்ணீர் ஏறக்குறைய அவ்வளவு. அது இல்லாவிட்டால் தொண்டையைப் பிடிக்கும். ராத்திரி முழுக்க ஃப்ரீஸரில் விட்டுவிடாதீர்கள், கஞ்சி மாதிரி உறைய ஆரம்பிக்கும். இது எட்டுக் குட்டிக் கிளாஸ் வரும். நாலு பேருக்கு ஆளுக்கு இரண்டு. ஷேக்கரைக் குலுக்கிக் காட்டும் வேடிக்கை இதில் இல்லை. ஆனால் வீட்டுக்காரர் சமையலறைக்கும் ஹாலுக்கும் ஓடாமல் பேச்சில் உட்காரலாம். குலுக்குவதா கலக்குவதா என்ற ஜேம்ஸ் பாண்ட் விவகாரமும் அத்தோடு தீர்ந்தது. (குலுக்கினால் ஐஸ் உடைந்து கலங்கலாக வரும். கலக்கினால் தெளிவாக இருக்கும். எனக்குத் தெளிவுதான் பிடிக்கும்.)

ஜின்னுக்கு இப்போது வெளிநாட்டை எதிர்பார்க்க வேண்டியதில்லை. கோவாவில் நல்ல ஜின்கள் வருகின்றன. ஹபுசா என்ற ஒன்று இமயமலை ஜூனிப்பரில் செய்தது. அந்தப் பெயரே ஜூனிப்பருக்கு வடமொழிப் பெயர்தான். வெர்மூத்தான் பாடு. நம் ஊர்க் கடைகளில் லேசில் கிடைக்காது. யாராவது விமானத்தில் வரும்போது சொல்லிவையுங்கள். திறந்தால் ஃப்ரிட்ஜில் வைத்து ஒன்றிரண்டு மாதத்தில் தீர்த்துவிட வேண்டும். அது ஒயின், அலமாரியில் வருஷக்கணக்காக நிற்காது. கசப்பு பழகாதவர்கள் வந்தால் அளவைத் திருப்பிப் போட்டு வெர்மூத்தை நிறையவும் ஜின்னைக் கொஞ்சமாகவும் ஊற்றிக் கொடுங்கள். அமெரிக்கச் சமையல் ஆசிரியை ஜூலியா சைல்டுக்கு அப்படித்தான் பிடிக்கும். வீரியமும் குறையும்.

நொறுக்கு. நம் ஊரில் சைடிஷ் என்றாலே சிக்கன் 65, மிளகாய் போட்ட கடலை. மார்டினிக்கு மிளகாய் ஆகாது. ஜின்னின் எரிச்சலோடு மிளகாய் எரிச்சலும் சேர்ந்தால் ஜூனிப்பரும் தெரியாது, தனியாவும் தெரியாது. அதற்கு வேண்டியது உப்பு, கசப்பு, கொஞ்சம் எண்ணெய்ப் பசை. இந்த மூன்றுக்கும் சேர்த்துப் படைத்த மாதிரி நம்மிடம் ஒன்று இருக்கிறது: சுண்டைக்காய் வத்தல். உப்பு மோரில் ஊறிக் காய்ந்ததை எண்ணெயில் கருகாமல் பொரித்து, காகிதத்தில் வடித்து, ஒரு குட்டிக் கிண்ணத்தில். கடித்ததும் உள்ளே விதை பொரபொரவென்று உடைந்து கசப்பு வரும். அதன் மேல் ஒரு வாய் குளிர்ந்த ஜின். லண்டனில் எத்தனையோ விலைமதிப்பான ஆலிவ் பார்த்திருக்கிறேன், இதற்கு ஈடாகாது.

இரண்டாவது, உப்பு நார்த்தங்காய். எலுமிச்சைத் தோலைச் சீவி மேலே பிழிவது எதற்கு? தோலின் எண்ணெய் வாசனைக்கு. நார்த்தங்காயில் அந்த வாசனை, உப்பு, கசப்பு எல்லாம் ஒரே துண்டில் இருக்கிறது. சுண்டுவிரல் நகம் அளவு போதும், பக்கத்தில் வையுங்கள். உள்ளே போட்டால் கலங்கிவிடும். நார்ஃபோக்குக்குப் போகும்போது பெட்டியில் நாலு துண்டு எடுத்துப் போங்கள். ஒயின் பாட்டிலோடு போகும் மற்ற விருந்தாளிகளுக்கு நடுவில் அது நின்று பேசும்.

ஆலிவ் தண்ணீர் ஊற்றிக் கலங்கலாகச் செய்யும் மார்டினி ஒன்று உண்டு. அதைப் பார்த்து மாவடுத் தண்ணீரை ஊற்றிப் பார்க்கத் தோன்றுகிறதா? எனக்கும் தோன்றியது. வீட்டு ஜாடியிலிருந்து ஒரு ஸ்பூன் எடுத்து ஊற்றினேன். வடுவை விளக்கெண்ணெயில் புரட்டித்தானே போடுவார்கள், அது மறந்துபோனது. மழை நாளில் பெட்ரோல் பங்க் வாசலில் தேங்கிய தண்ணீர் மாதிரி மேலே ஏழு வண்ணம் மினுங்கியது. அதற்கப்புறம் மாவடு காலத்தில் மார்டினிக்கென்றே ஒரு சின்ன பாட்டில் தனியாகப் போடுகிறேன். வெறும் கல்லுப்பும் தண்ணீரும், மஞ்சள், கடுகு, எண்ணெய் எதுவும் இல்லாமல். மாமரத்தடியில் காற்றுக்கு உதிர்ந்த பிஞ்சு போதும். அதுவும் பொறுக்கி வந்ததுதானே.

பறிக்கவும் ஆசை இருந்தால், இங்கிலாந்தில் வயலுக்கு வயல் இருக்கும் புதர்வேலிதான் பறிக்கிற ஆட்களின் சந்தை. நம் கிராமத்து வேலியும் அப்படித்தான் இருந்தது. பிரண்டை, கோவை, முடக்கத்தான், தூதுவளை எல்லாம் வேலியில்தான் கிடைக்கும். கொழுந்துப் பிரண்டையைக் கையில் எண்ணெய் தடவிக்கொண்டு நறுக்கி, நன்றாக வதக்கி, புளி வைத்துக் கெட்டித் துவையலாக அரைத்து, காய்ந்த ரொட்டித் துண்டின் மேல் கொஞ்சமாகத் தடவி வைத்தேன் ஒரு முறை. சரியாக வதக்காவிட்டால் நாக்கு அரிக்கும், விருந்தாளி சிரித்துக்கொண்டே அவதிப்படுவார். கல்யாண முருங்கை இலை வடையைக் காசு அளவுக்குத் தட்டிப் போடலாம். நகரத்து சாக்கடை ஓரத்திலும் பெரிய சாலை ஓரத்திலும் முளைத்ததைத் தொடாதீர்கள். காப்புக்காட்டுக்குள் போய்ப் பறிப்பதும் கூடாது. அங்கே வனவாசிகளுக்கு 2006ஆம் வருஷச் சட்டம் கொடுத்த உரிமை உண்டு, வாரக்கடைசி விருந்தாளிகளான நமக்குக் கிடையாது. சொந்த ஊரில் தெரிந்தவர் வேலி இருக்கிறதே, அது போதும்.

மேஜையில் ஒரு டம்ளரில் மரிக்கொழுந்து வையுங்கள். வெர்மூத்துக்குத் துணையாக வாசனை வரும். பூக்கடைக் கொழுந்தைக் கிளாஸுக்குள் மட்டும் போடாதீர்கள். மருந்து அடித்திருப்பார்கள்.

பேச்சைப் பற்றி நான் என்ன சொல்ல? ஆனால் ஒரு ஆளைப் பார்த்துக் கற்றுக்கொள்ளலாம். அமெரிக்க ஜனாதிபதி பிராங்க்ளின் ரூஸ்வெல்ட் வெள்ளை மாளிகையில் சாயங்காலம் தன் கையாலேயே மார்டினி கலந்து நெருங்கியவர்களுக்குக் கொடுப்பார். 'குழந்தைகள் நேரம்' என்று அதற்குப் பெயர். வெளியே உலகப்போர் நடந்துகொண்டிருக்கும், அந்த நேரத்தில் அரசாங்க விஷயம் பேசக் கூடாது. ஊர்வம்பு, பழைய கதை, சிரிப்பு, அவ்வளவுதான். வெர்மூத்தை அள்ளி ஊற்றுவார், அவர் கைப்பக்குவம் சுமார்தான் என்று குடித்தவர்களே சொல்லியிருக்கிறார்கள். 1943இல் டெஹ்ரானில் ஸ்டாலினுக்கும் ஒன்று கலந்து கொடுத்தார். வயிற்றுக்கு ஜில்லென்று இருக்கிறது என்றாராம் ஸ்டாலின்.

என் வீட்டிலும் ரூஸ்வெல்ட் விதிதான். முதல் கிளாஸ் முடியும் வரைக்கும் ஆபீஸ், அரசியல், மனை விலை மூன்றும் கிடையாது. நாலு பேர் நல்லது, ஆறு பேர் வரை தாங்கும். ஏழாவது ஆள் வந்தால் கூட்டம் இரண்டாகப் பிரிந்து, ஆண்கள் பால்கனிக்கும் பெண்கள் சமையலறைக்கும் போய்விடுவார்கள். நம் ஊர்க் குடியின் பெரிய குறையே அந்தப் பிரிவினைதான். நார்ஃபோக்கில் தோழியின் மாமியாரும் உங்களோடு உட்கார்ந்து குடிக்கலாம், கூச்சப்படாதீர்கள். பேச்சு நின்றால் தட்டைக் காட்டி "இதை எங்கே பறித்தீர்கள்?" என்று கேளுங்கள். பறித்தவர் அந்தக் கேள்விக்காகத்தான் காத்திருப்பார். எந்த ஓடை, எந்த நாள், யார் வழுக்கி விழுந்தார் என்று ஒவ்வொன்றும் வரும். கடையில் வாங்கிய சிப்ஸுக்கு இப்படி ஒரு பூர்வீகம் கிடையாது.

குடிக்கவே வேண்டாம் என்று தோன்றினால் வந்ததும் சொல்லிவிடுங்கள். யாரும் வற்புறுத்த மாட்டார்கள். அதே குளிர்ந்த கிளாஸில் எல்டர்பூ சாறும் டானிக் என்ற கசப்பு சோடாவும் வரும். குடிப்பதாக இருந்தால் கணக்கு இது: நான் சொன்ன குட்டிக் கிளாஸ் ஒன்றில் சுத்த ஆல்கஹால் ஏறக்குறைய 18 மில்லி. சின்ன பீர் பாட்டில் ஒன்றைத் தாண்டும், ஆனால் நாலு மடக்கில் முடிந்துவிடும். சாப்பிட்டுவிட்டுப் போங்கள், பக்கத்தில் தண்ணீர் வைத்துக்கொள்ளுங்கள், இரண்டோடு நிறுத்துங்கள். ஓட்டுவதைப் பற்றி யோசிக்கவே வேண்டாம். இங்கிலாந்தில் 100 மில்லி ரத்தத்துக்கு 80 மில்லிகிராம் வரை சட்டம் விடுகிறது, நம் ஊரில் 30தான். இரண்டையும் சோதித்துப் பார்க்கத் தேவையில்லை.

இன்னொன்று. சாம்ஃபயர் பறிக்க உங்களையும் அழைத்துப் போவாள், அநேகமாக அன்று மத்தியானமே. கடல் ஏறும் நேரத்தைத் தெரிந்தவர் கூட இல்லாமல் அந்தச் சதுப்பில் இறங்காதீர்கள். முன்னால் இருந்து வராது, பின்னால் ஓடைகள் வழியாக நிரம்பிக்கொண்டு வரும். முழங்கால் வரை வரும் ரப்பர் பூட்ஸ் அவர்கள் வீட்டிலேயே இருக்கும், ஆனால் உங்கள் கால் அளவை இப்போதே எழுதி அனுப்பிவிடுங்கள். எனக்குக் கிடைத்தது இரண்டு சைஸ் பெரிசு. ஒரு பூட்ஸ் இன்னமும் ஸ்டிஃப்கி சேற்றில்தான் இருக்கிறது.